இரவல் கிடைக்காத வாத்தியம்

கேள்வி: அண்ணா, எனக்கு வயசு 22. எழுதுறது, பந்து எறியுறது எல்லாமே இடது கைதான். 8 மாசமா ஃப்ரெண்டோட பேஸ் கிட்டாரை வாங்கி பழகிட்டு இருக்கேன். அது ரைட் ஹேண்ட் பேஸ். அதை அப்படியே திருப்பிப் பிடிச்சு, கம்பியைக்கூட மாத்தாம, தடிமனான ஈ கம்பி கீழயும் மெல்லிசான ஜி கம்பி மேலயுமா வாசிக்கிறேன். இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கணும். மாஸ்டர் "இப்பவே வலது கைக்கு மாறிடு, இல்லன்னா பின்னாடி வாத்தியம் கிடைக்காம திண்டாடுவே"ன்னு சொல்றார். பேண்ட்ல "எதையாவது வாங்கு, 3 மாசத்துல ஷோ இருக்கு"ங்கிறாங்க. வலதுக்கு மாறணுமா, இப்படியே தொடரணுமா, லெஃப்ட் ஹேண்ட் பேஸ் தேடி வாங்கணுமா? ஸ்டேஜ்ல என்னென்ன பிரச்சனை வரும்?
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்க மாஸ்டர் சொல்றதுல பாதி உண்மைதான். நான் 20 வருஷத்துக்கு மேல இடது கையில பேஸ் வாசிக்கிறேன், ஒரு கடைக்குள்ள போய் சுவர்ல தொங்குற பத்து பேஸையும் எடுத்து வாசிச்சுப் பார்த்து இதுதான் வேணும்னு சொல்லி வாங்கின அனுபவம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் இல்ல. ஆனா அதுக்காக கையை மாத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அதுவும் 8 மாசம் வாசிச்ச பிறகு.

ஏன்னா பேஸ்ல நெக்கை, அதாவது நீளக் கழுத்தைப் பிடிக்கிற கைதான் ஓடி ஓடி வேலை பாக்குற மாதிரி வெளிய தெரியும், ஆனா தாளம் இருக்கிறது கம்பியை இழுக்கிற கையில. டிரம்மர் காலால அடிக்கிற கிக் டிரம் விழுற அதே நேரத்துல உங்க நோட்டும் விழணும், துளி முந்தினாலும் பிந்தினாலும் மொத்த பாட்டும் தள்ளாடும். அந்தப் பொறுப்பை உங்க உடம்பு எந்தக் கைகிட்ட கொடுத்திருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. சீரா கிளிக் அடிக்கிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60ல வெச்சுட்டு ஏ கம்பியை மட்டும், நெக்கைத் தொடாம, 10 நிமிஷம் இடது கையால இழுங்க, அப்புறம் பேஸைத் திருப்பி வலது கையால 10 நிமிஷம், ரெண்டையும் போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுட்டு உடனே கேக்காதீங்க, மறுநாள் காலையில கேளுங்க. எது கிளிக்கோட ஒட்டிப் போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். கிட்டாரிஸ்ட் மார்க் நாஃப்ளர், கேரி மூர் ரெண்டு பேருமே பிறவி இடது கைக்காரங்க, வலது கைக்காரங்க மாதிரி கிட்டார் பிடிச்சுத்தான் அவ்வளவு பெரிய ஆளானாங்க, அதனால முடியவே முடியாதுன்னு இல்ல. வலது பக்கம் பிடிக்கும்போது உங்களுக்கும் அது சுலபமா வந்தா மாறிடுங்க, வாழ்க்கை முழுக்க வசதி. வரலன்னா, வாத்தியம் கிடைக்கலங்கிற ஒரே காரணத்துக்காக மாறாதீங்க.

அடுத்து, இப்படியே கம்பியைத் தலைகீழா வெச்சுத் தொடரலாமாங்கிறது. ஜிம்மி ஹாஸ்லிப், யெல்லோஜாக்கெட்ஸ்ங்கிற ஜாஸ் பேண்ட்ல ரொம்ப வருஷம் பேஸ் வாசிச்சவர், அவர் வாசிக்கிறது உங்க மாதிரியேதான், இடது கை, கம்பி தலைகீழ். கிட்டார்ல ப்ளூஸ் வாசிச்ச ஆல்பர்ட் கிங்கும் அப்படித்தான். அதனால நீங்க பண்றது தப்புன்னு யார் சொன்னாலும் மனசுல போட்டுக்காதீங்க. ஆனாலும் பேஸுக்கு ஒரு விஷயம் இடிக்கும். சாதாரணமா நாம டி கம்பிக்கோ ஜி கம்பிக்கோ போகும்போது கட்டைவிரலை ஈ, ஏ கம்பி மேல சாய்ச்சு வெச்சுக்குவோம், அந்த தடிமனான கம்பிங்க தானா அதிர்ந்து ஊமைக்குரல்ல முனகாம இருக்கிறது அதனாலதான். தலைகீழா இருக்கும்போது தடிக் கம்பி கீழ போயிடும், கட்டைவிரல் மேல இருக்கும், அடக்க ஆள் இருக்காது. ரூம்ல சின்ன ஆம்ப்ல தெரியாது. ஸ்டேஜ்ல பெரிய ஸ்பீக்கர் முன்னாடி நின்னீங்கன்னா நீங்க தொடாத ஈ கம்பி தானா உறுமுறது எல்லாருக்கும் கேக்கும். நெக் பிடிக்கிற கையாலயே அடக்கப் பழகலாம், பழகினவங்க இருக்காங்க, ஆனா 8 மாசம்தான் ஆகுதுங்கிறதால இப்பவே ஈ கம்பி மேல இருக்கிற சரியான லெஃப்ட் ஹேண்ட் வரிசைக்கு வந்துடுங்கங்கிறது என் யோசனை. ரெண்டு மூணு வாரம் விரல் குழம்பும், அப்புறம் சரியாயிடும்.

இப்ப உங்களுக்கு ஒரு ஆசை வரும், ரைட் ஹேண்ட் பேஸையே ஒண்ணு வாங்கி கம்பியை மட்டும் மாத்திப் போட்டுக்கிட்டா என்னன்னு. கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அப்படித்தானே வாசிச்சார்னு எனக்கும் அப்ப தோணுச்சு. நான் முதல் 3 வருஷம் வாசிச்சது அப்படி ஒரு பேஸ்தான், அதைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல.

முதல்ல நட், அதாவது நெக்கோட தலைப்பக்கம் கம்பியைத் தாங்குற சின்னப் பட்டை. கம்பி உக்கார்ற பள்ளம் ஒவ்வொண்ணும் அந்தந்த கம்பியோட தடிமனுக்கு வெட்டியிருப்பாங்க. சாதாரண செட்ல ஜி கம்பி 45, ஈ கம்பி 105, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல அத்தனை பங்கு. 105ஐ 45 பள்ளத்துல வெச்சா உள்ளயே இறங்காது, 45ஐ 105 பள்ளத்துல வெச்சா ஆடும், ஓபன் ஜி வாசிச்சா ஜிர்ருன்னு கேக்கும். நட்டை மாத்தியே ஆகணும். அப்புறம் ஸ்ட்ராப், தோள்ல மாட்டுற பட்டை. பேஸோட மேல்கொம்பு நீளமா இருக்கிறதே நெக் கீழ சாயாம பேலன்ஸ் ஆகத்தான், திருப்பினா குட்டைக் கொம்பு மேல வந்துடும், வாசிக்கிற கையை எடுத்தா நெக் தரையைப் பாத்து இறங்கும், ரெண்டு மணி நேர ஷோ முடிஞ்சா தோள்பட்டை கழண்டு போயிடும். மேல் ஃப்ரெட்டுக்கு, அதாவது உடம்புக்குப் பக்கத்துல இருக்கிற கட்டங்களுக்குப் போகவும் அந்த நீளக் கொம்பு குறுக்க நிக்கும். வால்யூம் குமிழ் எல்லாம் முழங்கைக்குக் கீழ வந்துடும், பாட்டு நடுவுல கை உரசி வால்யூம் இறங்கிடும், என்னடா பேஸ் காணோம்னு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. இதுல எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத ஒண்ணு சைடு டாட். நெக்கோட மேல் ஓரத்துல 3, 5, 7, 9, 12ன்னு புள்ளி வெச்சிருப்பாங்கல்ல, திருப்பினா அது கால் பக்கம் போயிடும். நின்னு குனிஞ்சு பார்த்தா வெறும் மரம்தான் தெரியும். நான் வெள்ளை நெயில் பாலிஷை குச்சி முனையில தொட்டு ஒவ்வொரு புள்ளியா வெச்சேன், அது வேர்வையில உரிஞ்சு உரிஞ்சு மாசாமாசம் திரும்ப வெக்கிற வேலை.

இன்னொண்ணு பிக்கப், கம்பிக்குக் கீழ இருந்து அதிர்வைப் பிடிச்சு ஆம்புக்கு அனுப்புற காந்தப் பாகம். பேஸ்ல பிரிசிஷன், ஜாஸ்னு ரெண்டு பிரபல டைப் உண்டு. பிரிசிஷன் டைப் பேஸ்ல பிக்கப் ரெண்டு துண்டா இருக்கும், ஈ-ஏ கம்பிக்கான துண்டு நெக் பக்கமும் டி-ஜி துண்டு பிரிட்ஜ் பக்கமும் (உடம்புல கம்பி முடியுற இடம்) தள்ளியிருக்கும். திருப்பி கம்பி மாத்தினா ஈ கம்பி பிரிட்ஜ் பக்கத் துண்டு மேல வரும், சத்தம் இறுக்கமா வரும், ஜி கம்பி கொழுத்துப் போகும். அது பிடிச்சவங்களும் இருக்காங்க. ஜாஸ் டைப்ல பிக்கப் நேர்கோடா இருக்கிறதால இந்தப் பிரச்சனை வராது. பீட்டில்ஸோட இடது கை பேஸிஸ்ட் பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல ஹோஃப்னர் வயலின் பேஸ் எடுத்ததுக்கு அதோட உடம்பு ரெண்டு பக்கமும் ஒரே அச்சா இருந்ததும் ஒரு காரணம், இடது பக்கம் பிடிச்சாலும் கோணலா தெரியாதுன்னு அவரே சொல்லியிருக்கார். அவர் உலகப் புகழ் ஆனதால நமக்கு ஒரு நன்மை, ஹோஃப்னர் லெஃப்ட் ஹேண்ட் மாடலும் போட்டுட்டு வந்திருக்கு.

ஆக, தேடி அலைஞ்சாலும் பரவாயில்ல, லெஃப்ட் ஹேண்டா செஞ்ச பேஸையே வாங்குங்க. பெரிய கம்பெனிங்க எல்லாம் சில மாடலையாவது இடது கைக்குப் போடுறாங்க, ஐபனீஸ்ல மாடல் பேர் கடைசியில எல் எழுத்து இருக்கும், ஃபெண்டர்லயும் ஸ்கொயர்லயும் ஜாஸ் பேஸ் கிடைக்கும். கலர் மட்டும் நம்ம இஷ்டத்துக்குக் கிடைக்காது, கறுப்போ சன்பர்ஸ்டோ வர்றதை ஏத்துக்கணும். வாசிச்சுப் பாக்காம ஆர்டர் பண்ற நிலைமை வந்தா, அதே மாடலோட ரைட் ஹேண்டை ஒரு கடையில கையில எடுத்துப் பாருங்க. வாசிக்க வேண்டாம், ஸ்ட்ராப் போட்டு எடை பாருங்க, நெக்கோட முதுகைத் தடவிப் பாருங்க. நட் கிட்ட அகலம் ஜாஸ்ல 38 மில்லிமீட்டர், பிரிசிஷன்ல 41, 42 வரைக்கும் வரும், அந்த மூணு நாலு மில்லிமீட்டர் விரலுக்கு பெரிய வித்தியாசம். சாதாரண பேஸ் 34 அங்குல ஸ்கேல் (நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளம்), ஹோஃப்னர் மாதிரி ஷார்ட் ஸ்கேல் 30, கை சின்னதா இருந்தா அதையும் யோசிங்க. இதெல்லாம் எந்தக் கைக்கும் ஒண்ணுதான்.

வாங்கினதும் குமிழைத் திருப்பிப் பாருங்க. லெஃப்ட் ஹேண்ட் பேஸ்ல குமிழ் எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரி வயர் பண்ணியிருந்து உள்ள சாதாரண ஆடியோ பாட் (குமிழோட சேந்து சுத்தி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பாகம்) போட்டிருந்தா, பூஜ்யத்துல இருந்து லேசா திருப்பின உடனே சத்தம் குபீர்னு வந்துடும், மிச்ச சுத்து முழுக்க ஒண்ணுமே மாறாது. நான் ரிப்பேருக்குக் கொடுத்த பேஸ் ஒருதடவை அப்படித்தான் திரும்பி வந்துச்சு. அதுக்கு ரிவர்ஸ் ஆடியோ பாட்னு தனியா இருக்கு, அது கிடைக்கலன்னா லீனியர் பாட் போடச் சொல்லுங்க, ஓரளவு சமாளிக்கும்.

ஸ்டேஜைப் பத்திக் கேட்டிருந்தீங்க. ஆம்புக்கு இடது கை வலது கை தெரியாது, கம்பி செட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் நிக்கிற இடத்துல. உங்க நெக் உங்க வலது பக்கம் நீட்டும், ரைட் ஹேண்ட் கிட்டாரிஸ்ட்டோட நெக் அவரோட இடது பக்கம் நீட்டும். அவர் உங்களுக்கு வலது பக்கம் நின்னா ரெண்டு நெக்கோட தலையும் மோதும், சின்ன ஸ்டேஜ்ல நிச்சயமா மோதும், மோதினா ட்யூனிங் போகும். அவரை உங்களுக்கு இடது பக்கம் நிக்கச் சொல்லுங்க, ரெண்டு நெக்கும் வெளிப்பக்கம் பாக்கும், ஒரே மைக்ல ரெண்டு பேர் பாடக்கூட இடம் இருக்கும். அதே சமயம் டிரம்மர் உங்க வலது பக்கம் இருந்தா நல்லது, நெக்கைப் பாக்குற அதே பார்வையில அவர் காலும் தெரியும். ரெண்டும் சேந்து அமையாத ஸ்டேஜ்ல நான் டிரம்மரைத்தான் எடுத்துப்பேன், கிட்டாரிஸ்டை ஒரு அடி தள்ளி நிக்கச் சொல்லிடுவேன்.

காலால மிதிச்சு சத்தத்தை மாத்துற பெடல் வெச்சிருந்தா, பெரும்பாலான பெடல்ல இன்புட் வலது பக்கம் இருக்கும், பேஸ்ல கேபிள் சொருகுற உங்க ஜாக் இடது இடுப்புல இருக்கும், கேபிள் காலுக்குக் குறுக்க போகும். ஸ்ட்ராப்ல ஒரு சுத்து சுத்தி முதுகுப் பக்கமா கொண்டுபோய் வலது பக்கம் இறக்குங்க, கேபிள் 6 மீட்டராவது வேணும்.

இனி சொல்றதுதான் முக்கியம். நம்ம வாத்தியத்துக்கு இரவல் கிடைக்காது. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ஷோவுல ரெண்டாவது பாட்டுலயே என் பேஸ் கரகரன்னு ஆரம்பிச்சு நின்னுபோச்சு. கேபிள் மாத்தினோம், ஆம்ப் மாத்தினோம், ஒண்ணும் ஆகல. பேஸ் பக்கத்து ஜாக்கோட நட் லூஸாகி, ஒவ்வொரு தடவை கேபிள் சொருகும்போதும் ஜாக் உள்ள சேந்து சுத்தி சுத்தி, சால்டர் பண்ணின இடத்துல வயர் முறுக்கி அறுந்திருக்கு. எங்களுக்கு அடுத்து வாசிக்க வேண்டிய பேண்டோட பேஸிஸ்ட் ஓடிவந்து தன் பேஸை நீட்டினார், நல்ல பேஸ், ரைட் ஹேண்ட். கையில வாங்கிட்டு அப்படியே நின்னேன். கம்பி வரிசை தலைகீழ், எனக்கு ஒரு நோட்டுகூட எங்க இருக்குன்னு தெரியல. மிச்ச பாட்டு எல்லாத்துக்கும் கீபோர்ட் வாசிக்கிறவர் இடது கையில பேஸ் லைனை சமாளிச்சார், நான் ஓரமா நின்னு பாத்துட்டு இருந்தேன். அந்த நட்டை ஒரு ஸ்பேனரால கால் சுத்து இறுக்கியிருந்தா அன்னிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

அந்த வாரமே சால்டரிங் கத்துக்கிட்டேன். இப்ப என் பையில எப்பவும் ஒரு செட் கம்பி, ரெண்டு கேபிள், ஒரு ஜாக், ஸ்பேனர், ஆலன் கீ செட், என்னோடது உள்ள பேட்டரி போடுற ஆக்டிவ் பேஸ்ங்கிறதால புது 9 வோல்ட் பேட்டரி ரெண்டு இருக்கும். ஆக்டிவ் பேஸா இருந்தா வாசிக்காதப்ப கேபிளைக் கழட்டி வைங்க, சொருகியே இருந்தா பேட்டரி இறங்கிடும். சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைங்க, தொலைஞ்சா அடுத்த நாளே இன்னொண்ணு வாங்கிட முடியாது நமக்கு. மெக்கார்ட்னியோட அந்த ஹோஃப்னரே 1972ல திருடுபோய், திரும்பக் கிடைச்ச செய்தி 2024லதான் வந்துச்சு. கையில காசு சேரும்போது ரெண்டாவதா ஒரு சாதா லெஃப்ட் ஹேண்ட் பேஸ் வாங்கி வைங்க, பெடல் எல்லாம் அதுக்கு அப்புறம்.

அதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணு இருக்கு தம்பி, அது என்கிட்ட அன்னிக்கு இல்ல. உலகத்துல எந்த ரைட் ஹேண்ட் பேஸைக் கையில கொடுத்தாலும் திருப்பிப் பிடிச்சு உங்களால வாசிக்க முடியும், 8 மாசம் அதைத்தானே பண்ணியிருக்கீங்க. புது பேஸ் வந்ததும் அதை மறந்துடாதீங்க. வாரத்துல ஒருநாள் அந்த ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போய் அவர் பேஸைத் திருப்பிப் பிடிச்சு உங்க ஷோ பாட்டெல்லாம் ரூட் நோட் (ஒவ்வொரு கார்டோட அடிப்படை நோட்) மட்டுமாவது ஒரு ஓட்டு ஓட்டிடுங்க, ஷோ முடியுற வரைக்கும் விடாம.