விண்டர்ஹால்டர் வரைந்த விக்டோரியா: இரண்டில் எது போலி?

பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவை ஜெர்மானிய ஓவியர் விண்டர்ஹால்டர் வரைந்த ஒரே படத்தை இரண்டு இடங்களில் பார்த்துவிட்டு, எது போலி என்று கேட்கிறீர்கள். இரண்டுமே போலியாக இல்லாமல் இருக்கலாம். அரச உடையில் விக்டோரியா அமர்ந்திருக்கும் அந்த 1859 ஓவியத்துக்கு அந்தக் காலத்திலேயே பிரதிகள் எடுத்தார்கள். அரச குடும்பங்கள் உறவினருக்கும் பிற அரசவைகளுக்கும் இப்படித்தான் படம் அனுப்பின.

முதலில் பெயர்ப்பலகையைப் பாருங்கள். வெறுமனே விண்டர்ஹால்டர் பெயரா, அல்லது பிரதி என்பதைக் குறிக்கும் 'அவரைப் பின்பற்றி' என்றிருக்கிறதா? அப்புறம் உடையின் சாட்டின் துணி மடிப்பில் விழும் வெளிச்சத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விண்டர்ஹால்டரின் கை வேகமானது. ஒரே இழுப்பில் பளபளப்பு வந்துவிடும், அந்த அழகே தனி! பிரதியில் அது பெரும்பாலும் தயங்கித் தயங்கித் தீட்டியது போலிருக்கும்.

ஆனால் தூரிகையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். அவருடைய தம்பி ஹெர்மனும் தேர்ந்த ஓவியர், அண்ணனோடு சேர்ந்து வேலை செய்தவர்.