தூளியில் தூங்க வைக்கலாமா?

தாய்-சேய் நலம்: வாசகர் கேள்வி பதில்
பதில் அளிப்பவர், சென்னையில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எனக்குத் தலைப்பிரசவம். மகனுக்கு இரண்டு மாதம் ஆகிறது. மாமியார் ஹாலில் புடவைத் தூளி கட்டியிருக்கிறார். அதில் போட்டால் உடனே தூங்குகிறான். பாயில் போட்டால் வீறிடுகிறான். தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர், "இரவெல்லாம் தூளியில் விடாதீர்கள்" என்றார். வீட்டில் சொன்னதும், "என் பிள்ளைகள் மூன்று பேரும் தூளியில்தானே வளர்ந்தார்கள்" என்று மாமியார் மனம் நொந்துபோனார். நான் யார் பேச்சைக் கேட்பது?
*வாசகி, கொளத்தூர்*

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பொய்யில்லை அம்மா. தூளியில் வளர்ந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். ஆனால் பகலில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டும் தூளி வேறு. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் அசந்து தூங்கும்போது தொங்கும் தூளி வேறு.

இன்று மதியம் அவன் தூங்கியதும் புடவையை மெல்ல விலக்கிப் பாருங்கள். முதுகு வில்லாக வளைந்திருக்கும். தலை முன்பக்கம் சாய்ந்து, முகவாய் நெஞ்சில் ஒட்டியிருக்கும். புடவையின் ஒரு மடிப்பு கன்னத்தை உரசிக்கொண்டு மூக்கோரம் வந்து நிற்கும். இந்த வயதில் தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது. மூச்சுக்குழாயோ சிறியது, மிருதுவானது. முகவாய் இப்படி மடங்கினால் காற்று போகும் வழி குறுகிவிடும். நாமாக இருந்தால் திணறி எழுந்துவிடுவோம். அவனால் தலையை நிமிர்த்திக்கொள்ள முடியாது, சத்தம்கூட வராது. அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்வாக இருக்கும் குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாது என்று 2022இல் சட்டமே கொண்டுவந்தார்கள். தூளியின் வளைவு அதைவிட எவ்வளவோ அதிகம். ஸ்பிரிங் தொட்டிலில் துணி குழிந்து தொங்கினால் அதற்கும் இதே பேச்சுதான்.

அதற்காகத் தூளியை அவிழ்க்கச் சொல்லி மாமியாரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆட்டித் தூங்க வைப்பது அவர் பொறுப்பாகவே இருக்கட்டும். ஆட்டுபவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் போட வேண்டும். இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "டாக்டர் சொன்னார்" என்று வாதாடுவதைவிட, புடவையை விலக்கி அந்த முகவாயை அவருக்கே காட்டுங்கள். பேரன் மேல் உயிரை வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எடுத்துப் போடுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. இறுக்கிப் பிடித்த கைவிரல்கள் தளரும்வரை காத்திருங்கள். பாயில் முதலில் பிட்டம் படட்டும், பிறகு முதுகு, கடைசியில் தலை. உடனே கையை எடுக்காமல், உள்ளங்கையைச் சற்று நேரம் அவன் நெஞ்சின் மேல் லேசாக வைத்திருங்கள். முதல் சில நாட்கள் விழித்துக்கொண்டு அழத்தான் செய்வான். பழகிவிடும்.

படுக்கைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கோரைப்பாயும், அதன்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய பருத்தித் துணியும் போதும். இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது கைக்குழந்தைக்கு ஆகாது. தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் விற்கும் மெத்தை செட் ஒன்று கட்டாயம் உங்களுக்குப் பரிசாக வந்திருக்கும். அதிலுள்ள தலையணை, இருபக்கத் திண்டு, பஞ்சுப் போர்வை, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் வையுங்கள். ஒரு வயதுவரை படுக்கையில் குழந்தையைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு, சங்கிலி, கையிலுள்ள வசம்பு வளையல், சட்டையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கண்ணேறு படக் கூடாது என்ற ஆசை எனக்கும் புரிகிறது. கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்துவிடுங்கள். அது கழுத்தை இறுக்காது.

கேள்வி: பேத்தியை மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும் என்கிறாள் என் மகள். பால் கக்கினால் புரையேறிவிடாதா? நாங்கள் ஒருக்களித்தோ குப்புறவோதான் படுக்க வைப்போம். தலை வேறு பின்பக்கம் தட்டையாகிறது. கடுகுத் தலையணை வைக்கலாமா?
*ஒரு பாட்டி, திருவல்லிக்கேணி*

பதில்: வார்டில் எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். எதுக்களித்து வரும் பால் கீழே இருக்கும் உணவுக்குழாய்க்கே திரும்பிப் போகும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும். ஒருக்களித்துப் படுத்த குழந்தையோ சிறிது அசைந்தாலே குப்புற விழுந்துவிடும்.

குப்புறப் போடச் சொன்னவர்கள் நீங்கள் மட்டும் அல்ல அம்மா. ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். தூக்கத்திலேயே குழந்தைகள் காரணம் தெரியாமல் இறப்பதற்கும் குப்புறப் படுப்பதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்த பிறகு, 1980களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு நாடாக மாற்றிக்கொண்டன. அமெரிக்க மருத்துவர்கள் 1992இல் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொன்னார்கள். 1994இல் அதற்கென்று நாடு தழுவிய பிரசாரமே நடந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே அந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதுதான் பெரிய காரணம். இந்த விஷயத்தில் உங்கள் மகள் பக்கம்தான் நான்.

கடுகுத் தலையணை வேண்டாம். கேழ்வரகு நிரப்பியதும் வேண்டாம். முகவாய் மடங்கும், தையல் விட்டால் தானியம் கொட்டும். தலை உருண்டையாக வேண்டுமா? பேத்தி விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு நீங்கள் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். நாளுக்குச் சில தடவை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் போதும். கழுத்துக்கும் பலம் ஏறும்.

கேள்வி: மகளுக்கு ஒரு மாதம். ஒரே படுக்கையறை. ஏசி எத்தனையில் வைப்பது? கொசுவத்தி ஏற்றலாமா? மனைவி பால் கொடுத்தபடியே சோபாவில் தூங்கிவிடுகிறாள்.
*வாசகர், வேளச்சேரி*

பதில்: கடைசியில் எழுதியதுதான் முதலில் கவனிக்க வேண்டியது, தம்பி. பச்சைக் குழந்தையோடு பெரியவர் தூங்க மிக மோசமான இடம் சோபா. குழந்தை கைக்கும் குஷனுக்கும் நடுவே நழுவிவிடும். இரவில் பால் கொடுக்கும்போது நீங்களும் எழுந்து உட்காருங்கள். குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துப் படுக்க வையுங்கள். கண்ணைச் சொருகும் நிலை என்றால் சோபாவைவிடக் கெட்டியான மெத்தையே மேல். குழந்தையின் அருகே தலையணை, போர்வை இல்லாமல், சுவரோரம் இடுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்பவர், குடித்திருப்பவர், தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டவர் பக்கத்தில் படுக்கவே கூடாது. ஆறு மாதம்வரையாவது உங்கள் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், குழந்தைக்கென்று தனிப் பாயோ தொட்டிலோ இருக்கட்டும்.

ஏசி 25, 26 போதும்; காற்று நேராக மேலே படக் கூடாது. நாம் போடுவதைவிட ஓர் அடுக்குத் துணி கூட இருந்தால் சரி. குல்லாய் வேண்டாம், குழந்தையின் சூடு தலை வழியாகத்தான் பெரிதும் வெளியேறுகிறது. கை, கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் சூடு அதிகம். மே மாதத்தில் மின்சாரம் போனால் முதலில் துணியைக் குறையுங்கள். குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு.

கொசுவத்தி வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூடிய ஏசி அறையில் அதை ஒரு மாதக் குழந்தை சுவாசிப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. சாம்பிராணிப் புகையையும் இதோடு சேர்த்து நிறுத்துங்கள். கொசுவலைதான் நல்லது. வலை முகத்தில் படாமல் விறைப்பாக நிற்க வேண்டும்.

கேள்வி: ஐந்து மாத மகன் தூக்கத்தில் தானாகவே குப்புறப் புரண்டுவிடுகிறான். இரவெல்லாம் விழித்திருந்து திருப்பிப் போட வேண்டுமா?
*வாசகி, பெரம்பூர்*

பதில்: தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாந்து போடுங்கள். குப்புறவும், மறுபடி மல்லாந்தும் இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்துவிட்டால் அவன் போக்கில் விடலாம். ஒரு பக்கம்தான் தெரியும் என்றால், பார்க்கும்போது திருப்பிப் போடுங்கள். துணியில் சுற்றிப் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கை கட்டுண்ட குழந்தை குப்புறப் புரண்டால் முகத்தைத் தூக்க முடியாது. கட்டிலில் படுக்க வைக்கிறீர்கள் என்றால், இன்று இரவே பாயைத் தரையில் விரித்துவிடுங்கள்.