மாத்திரை இல்லாமல் நடந்தே கொலஸ்ட்ராலைக் குறைக்க முடியுமா?

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவன். என் கதையைத்தான் சொல்ல முடியும்.

51 வயதில் எனக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 4.3 mmol/L (நம்ம ஊர், இந்தியக் கணக்கில் 166 mg/dL), டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 2.8. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மாத்திரை என்றார்கள். "ஆறு மாசம் டைம் கொடுங்க, நடந்தே குறைச்சுக் காட்டுறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் 45 நிமிடம், பீஷான் பூங்காவில் ஆற்றோரமாக வேக நடை. பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். நடுவில் சைக்கிள்காரர்கள் காதுக்குப் பின்னால் வந்து மணி அடிப்பார்கள் பாருங்கள், நடைபாதையை இவர்கள் அப்பாவா போட்டார்? சரி, அது வேறு கதை.

ஆறு மாதம் கழித்து டிரைகிளிசரைடு 1.6. எல்டிஎல்? 4.2! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நடக்கும்போது தசை எரிபொருள் கேட்கும். தசையின் நுண்குழாய்ச் சுவரில் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் டிரைகிளிசரைடை உடைத்துத் தசைக்குக் கொடுப்பது அதுதான். அதனால் அந்த எண் நன்றாக இறங்கும், நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறும் (எனக்கு 0.9 இருந்தது 1.0 ஆனது). எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வது பெரும்பாலும் கல்லீரல். எடை இறங்காமல் வெறும் நடையால் அது அவ்வளவாக அசையாது.

எனக்கு எடை எங்கே இறங்கும்? நடை முடிந்ததும் கோப்பிக்கடையில் இரண்டு முட்டை புரோட்டா, ஒரு தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் டீ). "நடந்த கூலியை அங்கேயே கொடுத்துட்டு வர்றீங்க" என்பாள் மனைவி.

'எனக்கு நடையிலேயே எல்லாம் சரியாகிவிட்டது' என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். இருக்கலாம் ஐயா. உங்களுக்குச் சாப்பாடும் மாறியிருக்கும், இடுப்பும் சுருங்கியிருக்கும். சிலருக்குப் பரம்பரையாகவே ஏறி நிற்கும், அவர்கள் எவ்வளவு நடந்தாலும் மாத்திரை வேண்டும்.

நான் இப்போது இரவில் ஒரு மாத்திரை போடுகிறேன், எல்டிஎல் 2.4. நடையையும் விடவில்லை. அப்புறம் ஒன்று: ஒரு நாள் நடையின் பலன் டிரைகிளிசரைடில் ஓரிரு நாள்தான் நிற்கும். மாதம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுப் பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பூங்காவைச் சுற்றினால் எண் கொஞ்சம் அழகாகத்தான் வரும். நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நேத்து நடந்தீங்களா?" என்றார்.