இரண்டு நாள் பெர்மாகல்ச்சர் பயிற்சியில் என்ன கிடைக்கும்?

கேள்வி: சிறிது நிலம் இருக்கிறது; விவசாய அனுபவம் இல்லை. கிராமப்புறப் பண்ணையில் நடக்கும் இரண்டு நாள் பெர்மாகல்ச்சர் பயிற்சிக்குப் போவதால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இரண்டே நாளில் நிலத்தை வடிவமைக்கும் திறமை வந்துவிடாது. பெர்மாகல்ச்சர் என்பது இயற்கை இயங்கும் விதத்தைப் பின்பற்றி, நீண்ட காலம் நிலைக்கும்படி நிலத்தையும் விவசாயத்தையும் வடிவமைக்கும் முறை; 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கியது. இதன் வடிவமைப்புச் சான்றிதழ் படிப்புக்கே வழக்கமாக 72 மணி நேரம் ஆகும். நீங்கள் போவது அறிமுக வகுப்புக்கு. பணம் கட்டும் முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். பாதி நேரமாவது கையில் மண் படாது என்றால், வீட்டிலேயே காணொளி பார்த்துக்கொள்ளலாம்.

நேரில் பழகவேண்டியவற்றில் முதலாவது நிலமட்டம் பார்ப்பது. ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, குறுக்கே ஒரு கம்பைப் பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுவார்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு குறி. கம்புகளின் கால்களை ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும்படி மாற்றி நிறுத்தி இன்னொரு குறி. இரண்டு குறிகளுக்கும் நட்டநடுவே கயிறு நின்றால், இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இப்படி அடி அடியாக நகர்ந்து முளை அடித்துக்கொண்டே போனால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். மழைநீரைத் தேக்கும் வரப்பு இந்தக் கோட்டில்தான் அமையும். செங்குத்தான சரிவிலோ வீட்டின் அஸ்திவாரத்துக்கு அருகிலோ இந்த வரப்பை அமைக்கக் கூடாது.

போகும்போது உங்கள் நிலத்தின் கைவரைபடம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்: மேடு எது, மழையில் நீர் எங்கே நிற்கிறது, பிற்பகல் வெயில் எங்கே விழுகிறது. மண்ணையும் சோதித்துவிடலாம். கண்ணாடிப் புட்டியில் மண்ணும் நீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்தில் படியும்; வண்டலுக்குச் சில மணி நேரம், களிமண்ணுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

பண்ணையாரிடம் எது பட்டுப்போனது, ஏன் என்று கேளுங்கள். பண்ணை விளைச்சலில் நடக்கிறதா, பயிற்சிக் கட்டணத்தில் நடக்கிறதா என்பதையும் கேட்கலாம். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மழையளவும் மண்ணும் உங்கள் நிலத்தைப் போல இல்லையென்றால், அவருடைய செடிப் பட்டியலை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

இன்னொன்று: இத்தகைய பண்ணைகள் சிலவற்றில் நீர் ஊற்றாமல் கழிவை மட்கவைக்கும் கழிப்பறைதான் இருக்கும். கூச்சப்படாமல் முன்பே விசாரித்துவிடுங்கள்.