இ-ரீடரா, அச்சுப் புத்தகமா? வாங்கும் முன் எழும் கேள்விகள்

கேள்வி: வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகம் வாங்குவேன். பெரும்பாலும் நாவல், கொஞ்சம் கட்டுரைத் தொகுப்பு. இ-ரீடர் வாங்கினால் போட்ட பணம் திரும்புமா?

பதில்: மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள கருவிதான் இ-ரீடர். பணம் திரும்புமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வழக்கமாக வாங்கும் அச்சுப் புத்தகத்தின் விலையிலிருந்து அதே புத்தகத்தின் மின்நூல் விலையைக் கழியுங்கள். கருவியின் விலையை அந்த மிச்சத்தால் வகுங்கள். அத்தனை புத்தகம் வாங்கிய பிறகுதான் கருவிக்குப் போட்ட பணம் கழியும். கருவியின் விலை 20 அச்சுப் புத்தகங்களின் விலைக்குச் சமம், மின்நூல் அச்சு விலையில் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புத்தகத்திலும் மிஞ்சுவது 40 சதவீதம். 20-ஐ 0.4-ஆல் வகுத்தால் 50 புத்தகம். உங்கள் வேகத்துக்கு நாலரை வருடம் ஆகும். படித்து முடித்த அச்சுப் புத்தகங்களைப் பாதி விலைக்காவது விற்றுவிடும் பழக்கம் இருந்தால், மேலே சொன்ன விலைகளில் கருவியால் மிச்சமே இல்லை.

கணக்கைப் புரட்டிப் போடுவது இலவச நூல்கள். பழைய இலக்கியம் படிப்பவர்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தருகிறது; 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் ஆங்கில நூல்களை அள்ளித் தருகிறது. உங்கள் பட்டியலில் பாதி இப்படிப்பட்டவை என்றால் சீக்கிரமே பணம் திரும்பும். எல்லாமே புதுப் புத்தகங்கள் என்றால், சென்ற வருடம் வாங்கியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் மின்நூலாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். தமிழில் அச்சில் மட்டுமே கிடைக்கும் புத்தகங்கள் ஏராளம். பட்டியலில் மூன்றில் ஒன்றுதான் தேறியது என்றால், பணத்துக்காக இ-ரீடர் வாங்க வேண்டாம்.

கேள்வி: பாடப் புத்தகங்கள், அறிக்கைகள் எல்லாம் பிடிஎஃப் கோப்பாக வைத்திருக்கிறேன். 6 அங்குல இ-ரீடர் போதுமா?

பதில்: போதாது. இ-ரீடர் வாங்கி ஏமாந்தோம் என்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மின்நூலில் இரண்டு வகை உண்டு. இபப் (EPUB) போன்ற கோப்பு வடிவங்களில் எழுத்து திரைக்கேற்ப ஓடும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் அப்படி இல்லை. அச்சடித்த பக்கத்தின் அச்சு அசலான படம் அது. பக்கம் மொத்தமாகச் சுருங்கும், இல்லையென்றால் மொத்தமாக விரியும்.

ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். 6 அங்குலத் திரை ஏறக்குறைய 91-க்கு 122 மி.மீ. முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் 41 சதவீதமாகச் சுருங்கும். 11 பாயின்ட் எழுத்து நாலரை பாயின்ட் ஆகிவிடும். மருந்துச் சீட்டில் வரும் பொடி எழுத்தைவிட மோசம். ஓர ஒதுக்கத்தை வெட்டினாலும் ஐந்தரைக்குள்தான் நிற்கும்.

கையில் ஏற்கனவே 6 அங்குலம் இருந்தால் ஒரு வழி உண்டு. ஓரத்தை வெட்டும் வசதியை இயக்கி, திரையைக் கிடைமட்டமாகத் திருப்பி, அகலத்துக்குப் பொருத்துங்கள். நாலு பக்கமும் 25 மி.மீ. ஓரம் விட்ட பக்கம் என்றால் எழுத்து எட்டு பாயின்டுக்கு மேல் வரும். ஒரு பக்கத்தை மூன்று தடவை நகர்த்திப் படிக்க வேண்டும். நேரே ஓடும் உரைக்குப் பரவாயில்லை. இரண்டு பத்தி அமைப்பு, அட்டவணை, சமன்பாடு வந்தால் பொறுமை போய்விடும்.

10.3 அங்குலத் திரையில் அதே ஏ4 பக்கம் ஓரம் வெட்டினால் 85 சதவீதத்துக்கு வரும். 11 பாயின்ட் ஒன்பதுக்கு மேல் நிற்கும். பிடிஎஃப் படிக்க அதுதான் குறைந்தபட்ச அளவு என்பது எங்கள் கருத்து. 7.8 அங்குலம் நடுவில் தொங்குகிறது: ஓரம் வெட்டியும் ஏழு பாயின்ட்தான்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு பக்கமும் புகைப்படம். கோப்பு நூறு எம்பியைத் தொடலாம், பக்கம் திரும்ப நேரமாகும், சொல் தேட முடியாது, மங்கிய தாளின் பழுப்பு நிறம் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். இருள்-வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டும் அமைப்பு இருக்கும் கருவியாகப் பாருங்கள். வண்ணப் படம் நிறைந்த பாடநூலுக்கு வண்ண இ-இங்க் (தாளைப் போலத் தெரியும் இ-ரீடர் திரை) வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். இப்போது பரவலாக வரும் கெலிடோ 3 திரையில் கறுப்பு வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளி. வண்ண வடிகட்டி மேலே இருப்பதால் திரையே சற்று இருண்டிருக்கும். படங்களுக்காகவே வாங்கும் புத்தகத்தை அச்சில் வாங்குவது நல்லது.

கேள்வி: தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. கருவியின் கோளாறா, கோப்பின் கோளாறா?

பதில்: உடைவது எப்படி என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

"கெ" என்பது யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் பதியும் பொது முறை) முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் பதிவாகியிருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைவது கருவியின் வேலை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்றாலோ, புள்ளி வட்டத்தோடு தனியே தெரிந்தாலோ கருவியின் மென்பொருள் தமிழைக் கோக்கத் தெரியாதது. வெறும் பெட்டிகளாகத் தெரிந்தால் தமிழ் ஃபான்ட் இல்லை. சில கருவிகளில் ஃபான்ட் கோப்பை அதற்குரிய அடைவில் போட்டால் சரியாகும். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்தால் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய ஃபான்டில் அடித்தது. பிடிஎஃப்பாகப் பார்க்கும்போது அழகாகத் தெரியும். தேடினால் ஒன்றும் கிடைக்காது, இபப் ஆக்கினால் கந்தலாகிவிடும். அதற்குரிய மாற்றி கொண்டு யூனிகோடாக்க வேண்டும், அல்லது வேறு பதிப்பைத் தேட வேண்டும்.

வாங்கும் முன் கொக்கு, கௌரவம், ஸ்ரீ, நெய்தல், தூது என்று நாலைந்து சொற்கள் உள்ள சிறு கோப்பை ஏற்றிப் பாருங்கள். எழுத்தை மிகப் பெரிதாக்கியும் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் இரு ஓரமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கும் அமைப்புக்கு மாற்றினால் சரியாகும்.

கேள்வி: இரவில் படிக்கிறேன். இ-ரீடர் கண்ணுக்கும் தூக்கத்துக்கும் தாளைப் போலவே நல்லதா?

பதில்: இ-இங்க் திரையில் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. தாளைப் போலவே அறையின் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கிறது. விளக்குள்ள கருவிகளில் ஓரத்து எல்இடியின் ஒளி திரையின்மேல் படிந்து திரும்புகிறது. கைபேசியில் திரையிலிருந்தே ஒளி நேரே கண்ணுக்கு வருகிறது. வித்தியாசம் உண்மைதான். ஆனால் விளக்கைக் கூட்டி வைத்தால் இதிலிருந்தும் கண்ணுக்கு ஒளி வரத்தான் செய்யும்.

இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும் என்று பலர் மேற்கோள் காட்டும் ஆய்வு 2015-இல் வெளியானது. பன்னிரண்டு பேர், தூங்கும் முன் நாலு மணி நேரம், முழுப் பிரகாசத்தில் வைத்த டேப்லெட்டில் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூக்கம் தாமதமானது. அது இ-இங்க் திரை அல்ல. எனவே அதை வைத்து இ-ரீடரை ஒதுக்கவும் வேண்டாம், கைபேசியில் படிப்பதை நியாயப்படுத்தவும் வேண்டாம்.

வெளிச்சத்தை அளக்க எளிய வழி: வெள்ளைத் தாளைக் கருவியின் பக்கத்தில் வையுங்கள். திரை தாளைவிடப் பளிச்சென்று இருந்தால் குறையுங்கள். பகலில் பூஜ்யமே போதும்.

கேள்வி: பேட்டரி ஆறு வாரம் வரும் என்கிறார்கள். ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. கருவி பழுதா?

பதில்: இல்லை. ஆறு வாரம் என்பது பெரும்பாலும் நாளுக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கு மிதமாக என்ற கணக்கு. மொத்தம் 21 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் படித்தால் ஏழு நாள். பல மாதம் எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். பூஜ்யத்தில் கிடந்தால் பேட்டரி எழாமலே போகலாம்.

கேள்வி: பரீட்சைக்குப் படிக்க எது நல்லது?

பதில்: அச்சு. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஆய்வு 2018-இல் வெளியானது. தகவல் சார்ந்த உரையைத் தாளில் படித்தவர்களின் புரிதல் மேலோங்கியிருந்தது. நேர நெருக்கடி இருந்தபோது இடைவெளி கூடியது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டவை கணினித் திரைகள் என்பதால் இ-ரீடருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மூன்றாம் அத்தியாயத்துக்கும் விடைப் பகுதிக்கும் நடுவே விரலை வைத்துப் புரட்டும் வேலை இ-ரீடரில் மெதுவாகத்தான் நடக்கும். நாவலுக்கு இ-ரீடரும் பாடத்துக்கு அச்சும் என்று பிரித்துக்கொள்வதில் குற்றமே இல்லை.

கேள்வி: வாங்கிய மின்நூல் என்னுடையதுதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. "வாங்கு" பொத்தானை அழுத்தினால் கிடைப்பது படிக்கும் உரிமம். அதை விற்கவோ, நண்பருக்குக் கொடுத்துவிடவோ, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவோ முடியாதபடி டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள்) பூட்டு இருக்கும். 2009-இல் அமேசான், உரிமை இல்லாமல் விற்கப்பட்ட இரண்டு நாவல்களை வாடிக்கையாளர்களிடம் இருந்த தன் இ-ரீடர்களான கிண்டில்களிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் மறைந்தன. அங்கும் பணம் திரும்பியது, ஆனால் புத்தகம் போனது போனதுதான். 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியே மாற்றும் வசதியும் எடுக்கப்பட்டது.

ஒரு கடையிலேயே நூற்றுக்கணக்கில் சேர்த்துவிட்டால் பிறகு வேறு நிறுவனக் கருவிக்கு மாறுவது கடினம். கிண்டிலில் யுஎஸ்பி வழியே போட்ட இபப் கோப்பு நேரடியாகத் திறக்காது, அமேசானின் அனுப்பும் சேவை வழியே மாற்ற வேண்டும், கோபோ என்ற வேறு நிறுவன இ-ரீடரில் திறக்கும். பூட்டில்லாத இபப் விற்கும் பதிப்பகம் இருந்தால் அங்கே வாங்கி இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்க வேண்டிய நூலைத் தாளில் வாங்குங்கள்.

கேள்வி: அப்படி நீண்ட காலம் வைத்திருக்க வாங்கும் அச்சுப் புத்தகத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதுகின் மேல் நுனியைப் பாருங்கள். மடித்த சிறு சிறு கட்டுகளாகத் தெரிந்து, ஒரு கட்டின் நடுப்பக்கத்தில் நூல் இருந்தால் தைத்த பைண்டிங், நீடிக்கும். தனித்தனித் தாள்கள் பசையில் சமமாக நின்றால் ஒட்டிய பைண்டிங். சாதாரணச் சூட்டுப் பசை காலப்போக்கில் விறைத்துப்போகும், விரித்த இடத்தில் தாள் கழன்று கையோடு வரும். ஒட்டிய புத்தகத்தை முதல் தடவை நடுவில் விரித்து அழுத்தாதீர்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மாறி மாறிப் பத்துப் பத்துப் பக்கமாக அழுத்தி முதுகைப் பழக்குங்கள். தாளில் வட்டத்துக்குள் முடிவிலிக் குறி அச்சாகியிருந்தால் நீடித்து நிற்கும் தாள். செய்தித்தாள் போன்ற மரக்கூழ்த் தாள் வெளிச்சம் பட்டால் பழுக்கும். வெயில் விழும் அலமாரியில் வைக்க வேண்டாம்.

கேள்வி: பழைய இ-ரீடர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். முழு வெள்ளைப் பக்கத்தையும் முழுக் கறுப்புப் படத்தையும் திறந்து கோடுகள், மாறாமல் நிற்கும் மூலைகள் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலான திரைகளின் அடித்தளம் மெல்லிய கண்ணாடி. பையில் அழுந்தினால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடையும், திரை மாற்றும் செலவு பல சமயம் புதுக் கருவியின் விலையை நெருங்கும். இருட்டில் விளக்கைப் போட்டு ஓரங்களில் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளரின் கணக்கை உங்கள் கண் முன்னால் நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் கணக்கில் நுழைந்து ஒரு நூலை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நிறுவனம் கைவிட்ட பழைய மாடல் இந்தப் படியில்தான் மாட்டிக்கொள்ளும். அது தேறிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.