மெஷினா, டம்பெல்லா? 40 வயதுக்கு மேல் ஜிம்மில் சேர்கிறவர் எதில் தொடங்குவது?

கேள்வி இதுதான்: வயது 42, இதுவரை ஜிம் பக்கமே போனதில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றில் சேரப் போகிறார், வரிசையாக நிற்கும் மெஷின்களில் உட்கார்ந்து செய்தால் போதுமா, இல்லை டம்பெல், பார் (இரண்டு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) எல்லாம் தூக்கினால்தான் பலம் வருமா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டிலுமே பலம் வரும், தசையும் வளரும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் அதில் பாதிக்கு மேல் கையில் பிடித்துத் தூக்கும் எடைகளுக்குக் கொடுங்கள் என்பேன். நான் ஒன்றரை வருடம் மெஷினைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருந்தவள், அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

எனக்கு இப்போது 49. கொளத்தூரில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான்கு வருடம் முன்பு மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம், அதாவது சர்க்கரை நோயின் விளிம்பு என்று வந்தபோது, நடைப்பயிற்சி மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுங்கள், சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்வது அதுதான் என்று டாக்டர் சொன்னார். ஏசி போட்ட ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே ஒரு அட்டவணை கொடுத்தார்கள், பத்து மெஷின், ஒவ்வொன்றிலும் மூன்று செட், அதாவது மூன்று சுற்று. ஒழுங்காகப் போனேன். சாய்ந்து உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் 110 கிலோ வரை வந்துவிட்டேன், அந்த எண்ணைப் பார்க்கும்போது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

ஒரு நாள் தண்ணீர் கேன் போடும் தம்பி அவசரத்தில் கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். 20 லிட்டர், அதாவது 20 கிலோவும் கூடவே காலிக் கேனின் எடையும். 110 கிலோ தள்ளுகிறோம், இது என்ன பெரிய எடை என்று நினைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் கவிழ்க்கப் பக்கவாட்டில் திரும்பினேன். இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. நான்கு நாள் குனிந்து ஒரு பாத்திரம் எடுக்க முடியவில்லை.

பிறகுதான் அந்த 110 என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன். 45 டிகிரி சாய்ந்த லெக் பிரஸ்ஸில் மாட்டும் பிளேட்டின் (வட்ட எடைத் தகட்டின்) எடை முழுவதும் காலில் இறங்காது, சுமார் 70 சதவீதம்தான் இறங்கும். 110 என்பது ஏறக்குறைய 78, அதோடு தள்ளுபலகையின் எடையில் ஒரு பங்கு. அது போக, முதுகு மெத்தையில் சாய்ந்திருக்கிறது, என் சொந்த உடம்பை நான் தூக்கவே இல்லை. எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்கிறவர் தோளில் இருக்கும் பாரோடு சேர்த்துத் தன் உடம்பின் பெரும்பகுதியையும் தூக்குகிறார், அது முன்னால் சாயாமலும் பக்கத்தில் சரியாமலும் வயிறும் முதுகும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கேன் இன்னும் மோசம், உள்ளே தண்ணீர் ஆடும், உடம்பை விட்டுத் தள்ளி இருக்கும், தூக்கிக்கொண்டே திரும்பவும் வேண்டும். என் காலுக்குப் பலம் இருந்தது, நடு உடம்புக்கு அந்த ஒன்றரை வருடமாக வேலையே இல்லை.

முதுகு சரியான பிறகு, வியாசர்பாடிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜிம்முக்கு மாறினேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு பெண்களுக்கு மட்டும், மாஸ்டர் பழைய பவர்லிஃப்டிங்காரர். முதல் நாள் பாரைத் தொடவே விடவில்லை. 5 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார், பத்து முறை. ஆறாவது முறை முட்டி இரண்டும் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்துவிட்டது. "அக்கா, காலுக்குப் பலம் இருக்கு, அதை நேரா பிடிக்கத்தான் தெரியல" என்றார்.

மெஷினில் எடை போகிற பாதையைக் கம்பியும் கப்பியும் முடிவு செய்துவிடுகின்றன, நமக்குத் தள்ளுகிற வேலை மட்டும்தான். கையில் பிடித்த எடைக்குப் பாதை கிடையாது, அதை ஒவ்வொரு நொடியும் நாம்தான் போட வேண்டும். எதைப் பழகுகிறோமோ அதில்தான் பலம் அதிகமாகத் தெரியும்: மெஷினில் பழகியவர் மெஷினில் கூடுதலாக முன்னேறுவார், பாரில் பழகியவர் பாரில். இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் தசையின் அளவில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. எனவே தசை ஏறுவது மட்டும்தான் குறிக்கோள் என்றால் மெஷினே போதும். என் குறிக்கோள் அரிசி மூட்டையும் சிலிண்டரும் அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியேற்றுவதும்.

அந்த ஜிம் மூலையில் ஒரு ஜோடி கர்லாக்கட்டை இருந்தது. மாஸ்டர் சின்னதைக் கொடுத்துச் சுழற்றச் சொன்னபோதுதான் புரிந்தது, கட்டையின் கனம் கைப்பிடியிலிருந்து தள்ளி இருப்பதால் மணிக்கட்டு, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து அதை அடக்க வேண்டியிருக்கிறது. நம் தாத்தாக்கள் தேகப்பயிற்சி சாலையில் பழகியதும், ஊரில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றியதும் இதே வேலைதான். மூன்றாவது மாதம், தரையில் இருக்கும் பாரைப் பிடித்துத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் தொடங்கினேன். ஆண்கள் போட்டிக்கான பார் வெறுமையாகவே 20 கிலோ, கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் கேன். இப்போது 60 கிலோ ஐந்து முறை எடுக்கிறேன்.

இதனால் மெஷினை ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி இடது மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த நாட்களில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு லெக் பிரஸ்ஸும், உட்கார்ந்து முட்டியை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷனும் செய்தேன், எதையும் கையில் பிடிக்க வேண்டியதில்லையே. அந்த மெஷின்கள் இல்லாவிட்டால் காலில் சேர்த்த பலமெல்லாம் கரைந்திருக்கும். சில வேலைகளுக்கு மெஷின்தான் வசதி என்றும் சொல்லலாம். கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்லப் ஒன்றுகூட எடுக்க முடியாதவருக்கு, மேலே இருக்கும் கம்பியை உட்கார்ந்தபடி கீழே இழுக்கும் லாட் புல்டவுன் நல்ல வழி, முட்டியை மடக்கித் தொடையின் பின்பகுதிக்கு வேலை கொடுக்க லெக் கர்ல் போல வசதியானது எதுவும் இல்லை. கடைசி முறை தூக்க முடியாமல் போனாலும் பெரும்பாலான மெஷின்களில் எடை நம் மேல் விழாது, அதனால் தனியாகப் பயிற்சி செய்கிறவர் பயமில்லாமல் முழு மூச்சாக முயன்று பார்க்கலாம். டம்பெல்லைப் பிடித்துக் கையை மடக்கும்போது முன்கை தரைக்கு இணையாக வரும் இடத்தில் மிகக் கனமாகவும் மேலே போனதும் லேசாகவும் ஆகிவிடும், இல்லையா? இதைச் சமாளிக்கத்தான் 1970இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் என்பவர் நாட்டிலஸ் மெஷின்களைச் சங்கு வடிவக் கப்பியோடு கொண்டுவந்தார், எந்தக் கோணத்தில் நமக்குப் பலம் அதிகமோ அங்கே எடையும் கூடுகிற மாதிரி.

ஆனால் மெஷினில் உட்காரும் முன் சீட்டைச் சரி செய்யுங்கள். லெக் எக்ஸ்டென்ஷனில் மெஷின் சுழலும் அச்சும் உங்கள் முட்டியும் ஒரே நேரில் வர வேண்டும், தள்ளி இருந்தால் முட்டிதான் வாங்கிக்கொள்ளும். நான் ஐந்தடி உயரம், பல மெஷின்களில் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தை வைத்தால்தான் சரியாக அமையும். அப்புறம், ஒரு மெஷினில் 40 என்பதை இன்னொரு ஜிம்மின் 40உடன் ஒப்பிடாதீர்கள், கப்பி அமைப்பைப் பொறுத்து அதில் பாதி எடைதான் கைக்கு வரும் மெஷின்களும் உண்டு. ஸ்மித் மெஷின் எனக்குப் பிடிக்கவில்லை, கம்பியில் ஓடும் அந்த பார் என் முட்டியையும் இடுப்பையும் தன் நேர்கோட்டுக்கு இழுக்கிறது.

பாரில் ஒரு ஆபத்து உண்டு, அது பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ். பக்கத்தில் ஆள் இல்லாமல், பாரைத் தாங்கும் ராக்கில் பாதுகாப்புக் கம்பி இல்லாமல் செய்யவே செய்யாதீர்கள். வேறு வழியே இல்லாத நாளில் பிளேட்டுக்கு வெளியே கிளிப் மாட்டாமல் விடுங்கள், மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைச் சரியவிட்டு வெளியே வரலாம். கட்டைவிரல் பாரைச் சுற்றி இருக்கட்டும். சென்னை மே மாதத்தில் உள்ளங்கை எப்படி வியர்க்கும் என்று உங்களுக்கே தெரியும், கையோடு ஒரு துண்டு வேண்டும்.

உங்களுக்கு 42 என்பதால் முதல் இரண்டு மாதம் இப்படிப் போகலாம்: டம்பெல்லை அணைத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதல், லேசான டம்பெல்லோடு இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்தல், டம்பெல் பெஞ்ச் பிரஸ். இவை மூன்றையும் உடம்பு களைப்பதற்கு முன் முதலில் முடித்துவிட்டு லாட் புல்டவுன், லெக் கர்ல், கேபிளில் இழுத்தல். வாரம் இரண்டு நாள் போதும். ரத்த அழுத்தமோ மூட்டு வலியோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஜிம்மை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஸ்குவாட் ராக்கில் பாதுகாப்புக் கம்பி இருக்கிறதா, 1.25 கிலோ பிளேட் இருக்கிறதா என்று கேளுங்கள். டம்பெல் பல ஜிம்களில் 5க்கு அடுத்து 7.5தான், அது ஒரேயடியாக ஒன்றரை மடங்கு, பெண்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தச் சின்ன பிளேட் இருந்தால் பாரில் இரண்டரை கிலோவாக ஏற்றிக்கொண்டே போகலாம். நான் 20லிருந்து 60க்கு வந்தது அப்படித்தான்.