இலங்கையில் புது அதிபர் வந்தும் காரைக்கால் படகுகளைப் பிடிப்பது ஏன் நிற்கவில்லை?

புதுச்சேரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: "அநுர டெல்லிக்கு நெருக்கம், பாதுகாப்பு ஒப்பந்தமும் போட்டாச்சு. அப்புறமும் ஏன் நம்ம படகைப் பிடிக்கிறாங்க?"

இரண்டும் வேறு வேறு கணக்கு. அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் பதவியேற்றார். முதல் வெளிநாட்டுப் பயணமே டிசம்பரில் டெல்லிக்கு. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் இருவருக்குப் பலத்த காயம். ஏப்ரல் 5 அன்று கொழும்பில் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

காரணம் யாழ்ப்பாணம். 2024 நவம்பர் தேர்தலில் அங்குள்ள 6 இடங்களில் 3 அநுரவின் கூட்டணிக்குப் போனது. நம் இழுவைமடிப் படகுகள் (கடலடியை வாரி இழுக்கும் வலை போடுபவை) அறுப்பது அந்த வாக்காளர்களின் வலைகளைத்தான். இழுவைமடியை இலங்கை 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. எந்தக் கட்சி வந்தாலும் இதில் இறங்கி வராது.

இதேபோல ஆட்சி மாறிய மாலத்தீவில் வேறு மாதிரி. 'இந்தியாவே வெளியேறு' என்ற பிரசாரத்தோடு 2023 அதிபர் தேர்தலில் வென்ற முய்சு, 2024 மே 10-க்குள் நம் ராணுவத்தினரை அனுப்பிவிட்டார். ஆனால் 2 ஹெலிகாப்டரும் டோர்னியர் விமானமும் அங்கேயே இருந்தன. இந்திய சிவிலியன்கள் இயக்கினார்கள். அக்டோபரில் டாலர் தட்டுப்பாடு அவரை டெல்லிக்கு வரவைத்தது. உண்மையில் நின்றுபோனது 2019-ல் இந்தியாவோடு போட்ட கடலாய்வு ஒப்பந்தம். புதுப்பிக்காமல் விட்டாலே போதும், சண்டை வேண்டியதில்லை. மேடைப் பேச்சைவிட இந்தக் காலாவதித் தேதிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

இலங்கையில் அதிபர்கள் மாறியும் நிற்காத வேலை ஒன்று உண்டு. கொழும்பில் இந்திய நிதி 60 லட்சம் டாலரில் அமைந்த கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். கோத்தபய காலத்தில் ஒப்பந்தம், ரணில் காலத்தில் திறப்பு, இப்போது அநுர. பருத்தித்துறை, திருகோணமலை, மட்டக்களப்பில் ஆளில்லா நிலையங்கள். கடலூர் முதுநகர் விசைப்படகு வாடைக் காலத்தில் இன்ஜின் நின்று தெற்கே அடித்துப் போனால் உதவக்கூடிய ஏற்பாடு இது. விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலை மூடாமல் வைத்திருங்கள். செல்போன் சிக்னல் எட்டும் தூரமானால் நம் கடலோரக் காவல்படையை 1554-ல் கூப்பிடுங்கள்.

படகுப் பிரச்சினைக்கு அதிபர் சந்திப்புகளைப் பார்த்துப் பயனில்லை. அதற்கென 2016-ல் இரு நாடுகளும் அமைத்த கூட்டுப் பணிக்குழு 6-ஆவது முறை கூடியதே 2024 அக்டோபர் 29-ல்தான். அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டு மனு கொடுங்கள்.